கைப்பிடி இல்லாத போர்வை

பாதி விரித்த புத்தகத்தை முதுகுப்பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தினால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அந்த வடிவத்தில் இரண்டு ஒட்டுப்பலகைகள். அடியில் நெருங்கி, மேலே விரிந்து நிற்கும். உட்புறம் முழுக்க மெத்தை தைத்திருக்கும். நடுவே ஒருவர் தவழ்ந்து போய்க் கவிழ்ந்துகொள்ளும் அளவுக்கு இடம், கழுத்துக்கு ஒரு திறப்பு, கையெட்டும் தூரத்தில் ஒரு கைப்பிடி. கைப்பிடியை நகர்த்தினால் காற்றழுத்தத்தில் பலகைகள் மெல்ல நெருங்கி, உடம்பை இரு பக்கமும் பிடிக்கும். திருப்பினால் விலகும். எவ்வளவு இறுக்கம், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் உள்ளே இருப்பவரின் விருப்பம்.

டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கப் பெண் 1965-இல், தம் 18-ஆம் வயதில், இதன் முதல் வடிவத்தைச் செய்தார். அது கரடுமுரடான மரவேலை. மேலே சொன்னது பிறகு திருத்தித் திருத்தி வந்த உருவம்.

உடம்பை அழுத்தி மனத்தை அமைதிப்படுத்தத்தான் அந்தக் கருவி. இன்று ஏறக்குறைய அதே தேவைக்குக் கடையில் கிடைப்பது ஒரு போர்வை. உறவினர் வீட்டில் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். ஏழு கிலோ என்று ஓரத்துணியில் அச்சிட்டிருந்தது. மடித்து வைத்திருந்தபோது ஒரு பெரிய தலையணை அளவுதான். எடுத்ததும் அரிசிப் பையைத் தூக்கியது போலக் கை தாழ்ந்தது. உள்ளங்கை அகலக் கட்டங்களாகத் தைத்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மணலைவிடச் சற்றே பெரிய கண்ணாடி மணிகளை இட்டு மூடியிருக்கிறார்கள். கட்டம் தைக்காவிட்டால் மணியெல்லாம் ஒரே மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். விரலால் நெருடினால் நரநரவென்றது. படுத்து மார்பு வரை இழுத்துக்கொண்டபோது முதலில் பாரமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பாரம் என்ற எண்ணம் போய், யாரோ பக்கத்தில் இருப்பது போலத் தோன்றியது. புரண்டு படுக்க மட்டும் தனியாக முயற்சி வேண்டியிருந்தது.

கைப்பிடி எதுவும் இல்லை. ஏழு கிலோ என்றால் விடியும் வரை ஏழு கிலோதான்.

இரண்டுக்கும் இடையிலுள்ள 60 ஆண்டுகளில் என்ன வந்தது, என்ன போனது என்று பார்த்தால் இந்தக் கைப்பிடியைச் சுற்றியே எல்லாம் நடந்திருப்பதாக எனக்குப் படுகிறது.

கிராண்டின் 1947-இல் பாஸ்டனில் பிறந்தவர். ஆட்டிசம் உள்ள குழந்தை. மூன்றரை வயது வரை பேச்சு வரவில்லை. யாராவது அள்ளி அணைத்தால் உடம்பு விறைத்து விலகிப் போய்விடும். அணைப்பு பிடிக்காமல் இல்லை. உள்ளுக்குள் அதற்கு ஏங்கியதாகவே பின்னாளில் எழுதினார். பெரிய அலை மோதுவது போல ஒரே வீச்சில் வந்து விழும் அந்த உணர்ச்சியைத்தான் தாங்க முடியவில்லை. அதனால் சோபா மெத்தைகளுக்கு அடியில் போய் நுழைந்துகொள்வார். தன்னை அணைத்துக்கொள்ளும் ஓர் இயந்திரத்தைப் பற்றி ஐந்து வயதிலேயே கனவு கண்டதாகவும் எழுதியிருக்கிறார்.

பதின்வயதில் பதற்றம் முற்றியது. அப்போது அரிசோனாவில் அத்தையின் மாட்டுப் பண்ணைக்குப் போயிருந்தார். அங்கே ஊசி போடுவதற்காக மாடுகளை ஒரு நெருக்குக் கூண்டுக்குள் விட்டு, இரு பக்கத் தடுப்புகளையும் நெருக்கிப் பிடிப்பார்கள். மிரண்டு வந்த மாடுகளில் சில, பிடி விழுந்ததும் அடங்கி நிற்பதைக் கவனித்தார். நெஞ்சு படபடப்பு தாளாத ஒரு நாளில் தாமே கூண்டுக்குள் போய் நின்று, தடுப்பை இழுக்கும்படி அத்தையைக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்த பிறகும் சிறிது நேரம் மனம் அடங்கியே இருந்தது. பள்ளிக்குத் திரும்பியதும் பலகை அறுக்கத் தொடங்கிவிட்டார்.

உடம்பைப் பிடித்து மனத்தை அடக்கும் வழி அதற்கு முன்பும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க மனநல மருத்துவமனைகளில், கொந்தளிப்பில் இருக்கும் நோயாளியைக் குளிர்ந்த நீரில் நனைத்த துணிகளால் கழுத்து முதல் கால் வரை இறுகச் சுற்றி, மணிக்கணக்கில் படுக்க வைப்பார்கள். நீர்ச்சிகிச்சை என்பது அதற்குப் பெயர். துணி உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகும். சிலர் அப்படியே தூங்கியும் போவார்கள். ஆனால் சுற்றுவதும் அவிழ்ப்பதும் செவிலியின் கையில். மாட்டுக் கூண்டிலும் அதே கதைதான்: கயிறு மாட்டிடம் இல்லை. அழுத்தும் கருவியை அழுத்தப்படுபவரிடமே ஒப்படைத்ததுதான் அந்த 18 வயதுப் பெண்ணின் கண்டுபிடிப்பு.

ஆனால் அதை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. மனநல ஆலோசகர்கள் முகம் சுளித்து, அந்தப் பெட்டியைப் பறித்துவிடப் பார்த்தார்கள். வில்லியம் கார்லாக் என்ற பள்ளி அறிவியல் ஆசிரியர் மட்டும், இது ஏன் வேலை செய்கிறது என்பதை நீயே ஆராய்ந்து கண்டுபிடி என்று ஊக்கினார். ஆட்டிசம் உள்ளவர்கள், கல்லூரி மாணவர்கள், விலங்குகள் ஆகிய மூன்று தரப்பிலும் ஆழ்ந்த அழுத்தம் எப்படி அமைதி தருகிறது என்ற கிராண்டினின் கட்டுரை 1992-இல் மருத்துவ இதழில் வந்தது. பலகைக்கும் கட்டுரைக்கும் இடையே 27 ஆண்டுகள்.

கருத்து என்னவோ எளியதுதான். கையில் எறும்பு ஊர்ந்தால் பாதித் தூக்கத்திலும் விழிப்பு வந்துவிடும். அதே கையை யாராவது அழுத்திப் பிடித்துக்கொண்டால் கண் சொக்கும். மெல்லிய தீண்டல் உடம்பை உசுப்புகிறது, நிதானமான அழுத்தம் அடக்குகிறது. புடவைத் தூளியில் கிடக்கும் குழந்தையை நம் வீடுகளில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆட்டத்தால்தான் தூங்குகிறது என்று நினைக்கிறோம். துணி நாலாபக்கமும் உடம்பைத் தழுவிப் பிடித்திருப்பதை அவ்வளவாக எண்ணுவதில்லை.

அமெரிக்காவில் இந்தக் கருத்தைச் சிகிச்சை அறைக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஜீன் ஏர்ஸ். அவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். நம்மூர்ப் பெற்றோர் சுருக்கமாக ‘ஓ.டி.’ என்கிறார்களே, அந்தத் துறை. தொடுவுணர்ச்சி, உடல் அசைவு, சமநிலை இவற்றையெல்லாம் மூளை ஒருங்கிணைக்கும் விதத்துக்கும் குழந்தை கற்பதற்கும் உள்ள தொடர்பு பற்றி 1972-இல் அவர் எழுதிய நூல் இன்றும் அந்தத் துறையின் அடித்தளம். அந்த வழியில் வந்தவர்கள் கனமான மேலங்கி, மடியில் வைக்கும் கனத் திண்டு, கனமான போர்வை எல்லாவற்றையும் பயன்படுத்தினார்கள்.

அந்தக் காலப் போர்வைகள் பெரும்பாலும் கைத்தையல். தெரபிஸ்டோ குழந்தையின் அம்மாவோ உட்கார்ந்து தைத்திருப்பார். உள்ளே அரிசி, காய்ந்த பயறு, பிளாஸ்டிக் குருணை என்று கிடைத்தது எதுவும் போகும். அரிசியும் பயறும் போட்டதைத் துவைக்க முடியாது. நனைந்தால் ஊறும், விட்டுவைத்தால் வண்டு வைக்கும். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போர்வையோடு ஓர் ஆளும் வருவார். இந்தக் குழந்தைக்கு எத்தனை கிலோ, எத்தனை நிமிடம், போர்த்தியதும் முகம் இளகுகிறதா, சுருங்குகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். சுருங்கினால் எடுத்துவிடுவார். போர்வையில் இல்லாத கைப்பிடி அவர் கண்ணில் இருந்தது என்று சொல்லலாம்.

இன்றைய போர்வையில் வண்டு இல்லை. கண்ணாடி மணிகள் ஊறுவதும் இல்லை, பிளாஸ்டிக் குருணையைப் போல இடத்தை அடைப்பதும் இல்லை. ஸ்வீடனில் உள்ளே மெல்லிய உலோகச் சங்கிலிகளை வரிசையாக வைத்துத் தைக்கிறார்கள். மேலுறையைத் தனியே கழற்றித் துவைக்கலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம், வெட்கம் போனது. கிராண்டின் தம் பெட்டிக்காக ஏச்சு வாங்கினார். இன்று ஒரு கல்லூரி மாணவி விடுதி அறையில் ஏழு கிலோவைப் போர்த்திக்கொண்டு படுத்தால் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. தூக்கம் வரவில்லை, நெஞ்சு பதறுகிறது என்று ஒருவரிடமும் சொல்லாமலே ஒருவர் தமக்கு ஒரு வழி தேடிக்கொள்ள முடிகிறது.

இந்த மாற்றம் நடந்த ஆண்டைக் குறித்தே சொல்லலாம். 2017-இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ‘கிராவிட்டி’ என்ற கனப்போர்வைக்கு முன்பணம் திரட்டினார்கள். சேர்ந்தது 47 லட்சம் டாலர். சிறப்புப் பள்ளிகளும் தெரபி அறைகளும் மட்டுமே அறிந்திருந்த ஒரு பொருள் சில வாரங்களில் படுக்கையறைப் பொருளாகிவிட்டது. அடுத்த ஆண்டு ‘டைம்’ இதழ் அந்த ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. ‘கண்டுபிடிப்பு’ என்ற சொல்லைப் பார்த்துப் பழைய தெரபிஸ்டுகள் சிரித்திருப்பார்கள்.

எண்ணிக்கை பெருகியதும் சொல்லும் பெருகியது. செரட்டோனின் கூடும், மன அழுத்த ஹார்மோன் குறையும், அணைப்பின் ஹார்மோன் சுரக்கும் என்று அட்டைப்பெட்டிகள் பேசுகின்றன. சோதனைகள் அவ்வளவு பேசவில்லை.

2008-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 32 பேரைப் படுக்க வைத்து, 30 பவுண்டு போர்வையைப் போர்த்தினார்கள். அதாவது பதின்மூன்றரை கிலோவுக்கு மேல். 63 சதவீதம் பேர் பதற்றம் குறைந்ததாகச் சொன்னார்கள். அது சில நிமிட அமைதியைப் பற்றிய ஆய்வு. ஓர் இரவுத் தூக்கத்தைப் பற்றி அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது.

2014-இல் பிரிட்டனில், ஆட்டிசமும் தூக்கக் குறைவும் உள்ள 5 முதல் 16 வயது வரையான 67 பிள்ளைகளிடம் முறையான சோதனை நடந்தது. இரண்டு வாரம் போல ஒரு போர்வை, பிறகு இரண்டு வாரம் மற்றொன்று. ஒன்று கனமானது, மற்றது பார்வைக்கு அதே போன்ற சாதாரணப் போர்வை. தூக்கத்தின் நீளத்தைக் கருவி கட்டி அளந்தார்கள். வித்தியாசம் இல்லை. பிள்ளைகள் சீக்கிரம் தூங்கவும் இல்லை, இரவில் விழிப்பது குறையவும் இல்லை. ஆனால் எது பிடித்தது என்று கேட்டபோது பிள்ளைகளும் பெற்றோரும் கனமானதையே காட்டினார்கள். இந்த முடிவைத் தோல்வி என்று தள்ளுகிறவர்கள் உண்டு. தூக்கம் நீளாமலே ஒரு பிள்ளை படுக்கைக்கு மனமுவந்து போவதும் ஒரு வீட்டுக்குச் சின்ன விஷயமல்ல என்பது என் எண்ணம்.

2020-இல் ஸ்வீடன் ஆய்வு வேறு விதமாக வந்தது. மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு, பதற்ற நோய், ஏ.டி.எச்.டி. ஆகியவற்றுள் ஒன்றோடு தூக்கமின்மையும் உள்ள 120 பெரியவர்கள். ஒரு பாதிக்கு எட்டுக் கிலோ சங்கிலிப் போர்வை, பாரம் தாளாதவர்களுக்கு ஆறு கிலோ. மறு பாதிக்கு ஒன்றரைக் கிலோ. நான்கு வாரம் கழித்துத் தூக்கமின்மையின் கடுமை பாதியோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் கனப்போர்வைக்காரர்களில் 59.4 சதவீதம், லேசான போர்வைக்காரர்களில் 5.4 சதவீதம். தூக்கமின்மையிலிருந்து ஏறக்குறைய விடுபட்டவர்கள் 42.2 சதவீதம், எதிரே 3.6. பெரிய வித்தியாசம்தான். ஆனால் கடுமையைச் சொன்னவர்கள் நோயாளிகளே, கேள்வித்தாளில் எழுதிக் கொடுத்தார்கள். தன் மேல் கிடப்பது எட்டுக் கிலோவா ஒன்றரைக் கிலோவா என்பதை ஒருவரிடம் மறைக்கவும் முடியாது. மாத்திரைக்குப் போலி மாத்திரை செய்யலாம். பாரத்துக்குப் போலி செய்ய வழியில்லை.

அந்த ஆய்வின் இரண்டாம் பகுதியை விற்பனைக்காரர்கள் அதிகம் சொல்வதில்லை. நான்கு வாரம் முடிந்ததும், அடுத்த ஓராண்டுக்கு எந்த எடை வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடமே விட்டுவிட்டார்கள். லேசானதிலிருந்து கனமானதற்கு மாறியவர்களுக்கும் அதே பலன் கிடைத்தது. கைப்பிடி திரும்பவும் அவரவர் கைக்கு வந்த இடம் அது.

ஹார்மோன் விஷயத்துக்கு வருவோம். 2022-இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் உடல்நலமுள்ள 26 இளைஞர்களிடம் அளந்து பார்த்தார்கள். உடல் எடையில் சுமார் 12 சதவீதக் கனமுள்ள போர்வையின் கீழ், உறக்கத்துக்கு முன் சுரக்கும் மெலட்டோனின் சுமார் 30 சதவீதம் கூடியது. அணைப்பின் ஹார்மோன் எனப்படும் ஆக்சிடோசினில் தெளிவான மாற்றம் இல்லை. மன அழுத்த ஹார்மோனான கார்டிசோலிலும் இல்லை. தூங்கிய நேரமும் கூடவில்லை. அட்டைப்பெட்டி சொன்னவற்றுள் பல அங்கே தென்படவில்லை. பெரும்பாலான பெட்டிகள் சொல்லாத ஒன்று தென்பட்டது.

உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று இன்று எல்லாக் கடைகளும் ஒரு கணக்குச் சொல்கின்றன. ஐம்பது கிலோ ஆளுக்கு ஐந்து கிலோ. மேலே சொன்ன ஆய்வுகளில் எதுவும் அந்தக் கணக்கில் நடந்ததல்ல என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒன்றில் எல்லோருக்கும் பதின்மூன்றரை, ஒன்றில் எட்டு அல்லது ஆறு, ஒன்றில் பன்னிரண்டு சதவீதம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஆள் போனதும் அந்த இடத்துக்கு ஒரு வாய்பாடு வந்துவிட்டது. ஆளைவிட வாய்பாடு மலிவு.

இன்னொன்றும் போனது. மாறாத அழுத்தத்துக்கு நரம்புகள் சீக்கிரமே பழகி, அதை உணர்வதையே விட்டுவிடும். கைக்கடிகாரம் கட்டியிருப்பது நமக்கு மறந்துபோகிறதே, அப்படி. இது கிராண்டினுக்குத் தெரியும். அதனால்தான் கைப்பிடியைக் கொண்டு மெல்லக் கூட்டுவார், மெல்லக் குறைப்பார். அவர் பெட்டியில் இருந்தது சில நிமிடங்களின் சிகிச்சை. போர்வையில் இருப்பது எட்டு மணி நேரத்தின் ஒரே பாரம்.

நம் ஊருக்கு வந்தால் வேறொரு கணக்கு. இந்தப் போர்வை குளிர்நாட்டில் பிறந்தது. மே மாத இரவில், மின்விசிறி சுழன்றும் முதுகு நனைந்து கிடக்கும் வீட்டில் ஏழு கிலோவை யார் இழுத்துப் போர்த்துவது? நான் படுத்துப் பார்த்தது ஏசி அறையில். வாங்கியவர்கள் வீட்டிலும் அது ஏசி அறையோடேயே தங்கிவிட்டது. பவானி ஜமுக்காளத்தில் படுத்து, மெல்லிய பருத்திப் போர்வையைக் கால் வரை மட்டும் இழுத்துக்கொள்ளும் நமக்கு, போர்வை என்றால் கொசுவுக்கும் பின்னிரவுக் குளிருக்கும் ஒரு மறைப்பு, அவ்வளவுதான். பாரத்துக்கு வேறு ஏற்பாடு இருந்தது. ஒரே பாயில் நான்கைந்து பேர் படுத்த வீடுகளில், பாட்டியின் கையோ தம்பியின் காலோ மேலே கிடந்தது. அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலைத் தள்ளிவிட்டுத் தூக்கம் வராமல் கிடந்த இரவுகளும் நினைவில் இருக்கின்றன.

தள்ளிவிட முடிந்தது என்பதுதான் அங்கே முக்கியம். முடியாமல் போனதும் நடந்திருக்கிறது. 2008-இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், ஆட்டிசம் உள்ள 9 வயதுச் சிறுவனைப் பள்ளியில் கனப்போர்வைக்குள் சுற்றி வைத்தார்கள், மூச்சுமுட்டி இறந்தான். 2022-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் 4 வயதும் 6 வயதும் ஆன இரண்டு சிறுமிகள் கனப்போர்வையின் ஜிப் உறைக்குள் புகுந்து, வெளியே வர முடியாமல் இறந்தார்கள். அந்த வகைப் போர்வைகள் சுமார் 2,04,000 திரும்பப் பெறப்பட்டன. அதே ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், கைக்குழந்தைகளுக்குக் கனமான போர்வையோ கனமான உறக்க உறையோ கூடவே கூடாது என்று எழுதிவைத்தது.

கிராண்டின் இன்று கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் விலங்கறிவியல் பேராசிரியர். மாடுகள் மிரளாமல் நடந்துபோகும்படி அவர் வரைந்து கொடுத்த தொழுவங்களும் பாதைகளும் வட அமெரிக்கா எங்கும் இருக்கின்றன. அந்தப் பெட்டி என்ன ஆயிற்று என்று 2010-இல் ‘டைம்’ இதழ் கேட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பழுதாகிவிட்டது, சரிசெய்யவில்லை, இப்போது மனிதர்களையே கட்டியணைத்துக்கொள்கிறேன் என்றார்.

உங்களுக்காக ஒன்று வாங்குவதாக இருந்தால், வாய்பாட்டை நம்பாமல் அரை மணி நேரம் போர்த்திப் படுத்துப் பாருங்கள். ஆஸ்துமாவோ, உறக்கத்தில் மூச்சுத் தடையோ இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். பிள்ளைக்காக என்றால் முதலில் ஓ.டி.யிடம் காட்டுங்கள். பிறகு ஒரு சோதனை: போர்த்திவிட்டு, “எழுந்து வா” என்று கூப்பிடுங்கள். யார் உதவியும் இல்லாமல் தானே உதறிவிட்டு எழுந்து வந்தால் மேற்கொண்டு யோசிக்கலாம். இல்லையென்றால் மடித்துக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.